மேய்ச்சல் வாழ்க்கை: கென்யாவின் ரெண்டிலே மக்களும் நீலகிரித் தோடரும்



மந்தை மேய்த்து வாழும் மக்களைப் பற்றிய வினா வந்ததும் நம் மாணவர் பலர் எழுதும் முதல் வசனம், அவர்கள் நிலையான இருப்பிடம் இன்றி அலைந்து திரிபவர்கள் என்பதாகும். இரண்டாம் வசனம், அவர்கள் பின்தங்கியவர்கள் என்பதாகும். இவ்விரு வசனங்களையும் இன்றே மறந்துவிடுங்கள். முதலாவது அரைகுறை உண்மை. இரண்டாவது புவியியல் விடையே அன்று. ஒரு மக்கள் கூட்டம் ஏன் அசைகிறது, எப்போது அசைகிறது, எங்கே திரும்பி வருகிறது என்பவற்றைக் கூறுவதே விடையாகும்.

கால்நடை வளர்ப்பை முதன்மையான வாழ்வாதாரமாகக் கொண்டு, புல்லும் நீரும் கிடைக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மந்தையை நகர்த்தி வாழ்வதே மேய்ச்சல் வாழ்க்கை. இதில் இருவகை உண்டு. மழை எங்கே பெய்கிறதோ அங்கே செல்வது நாடோடி மந்தை மேய்த்தல். ஆண்டுதோறும் அதே பருவத்தில் அதே மேய்ச்சற்றரைக்குச் சென்று, பருவம் மாறியதும் திரும்பி வருவது பருவகால மேய்ச்சல். இப்பாடத்தில் முதல் வகைக்கு ரெண்டிலே மக்களையும், இரண்டாம் வகைக்குத் தோடரையும் எடுத்துக்கொள்வோம்.

ரெண்டிலே மக்கள்

கென்யாவின் வடபகுதியில், துர்க்கானா ஏரிக்கும் மர்சாபிட் மலைக்கும் இடைப்பட்ட தாழ்ந்த சமவெளியில் இவர்கள் வாழ்கின்றனர். கைசுட் பாலைநிலம் இப்பகுதியிலேயே உள்ளது. படப்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மத்திய கோடு கென்யாவின் ஊடாகவே செல்கிறது. மத்திய கோட்டுக்கு அருகே என்றால் அடர்ந்த மழைக்காடு என்று எழுதப் பழகிய கைக்கு இது ஒரு நல்ல பாடம். மார்ச் முதல் மே வரையும், ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையும் இரு மழைக்காலங்கள் இருந்தாலும் மழை மிகக் குறைவு. ஓர் ஆண்டு பெய்யும், மறு ஆண்டு பொய்க்கும். 2020 இன் இறுதி தொடக்கம் ஆபிரிக்காவின் கொம்புப் பகுதியில் அடுத்தடுத்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. வட கென்யாவில் கால்நடைகள் பெருந்தொகையாக மடிந்தன.

இத்தகைய நிலத்தில் பயிர் செய்ய முடியாது. மாடு வளர்ப்பதும் கடினம். எனவே ரெண்டிலே மக்களின் வாழ்வு ஒட்டகத்தைச் சார்ந்தது. ஒட்டகம் பத்து நாட்களுக்கு மேலும் நீர் அருந்தாமல் இருக்கும். தரையில் புல் இல்லாதபோது முட்செடிகளின் இலைகளைத் தின்னும். மாடுகளின் பால் வற்றிய பின்னரும் ஒட்டகம் பால் தரும். ஆடுகளையும் இவர்கள் வளர்க்கின்றனர். ஆயினும் பெருமையும் மணமகன் வீட்டார் கொடுக்கும் பரிசமும் ஒட்டகத்திலேயே கணக்கிடப்படும். இவர்களுடைய அயலவரான சம்புரு மக்கள் மாடு வளர்ப்போர். இரு சாராரும் நெடுங்கால நட்பும் திருமண உறவும் உடையவர்கள்.

இவர்களுடைய குடியிருப்பு அமைப்பைக் கவனியுங்கள். முதியோர், திருமணமான பெண்கள், குழந்தைகள் ஆகியோர் பால் கறக்கும் சில ஒட்டகங்களுடன் பிரதான குடியிருப்பில் இருப்பர். பால் தராத ஒட்டகங்களையும் இளம் ஒட்டகங்களையும் இளைஞர்கள் தொலைவிலுள்ள மேய்ச்சல் முகாம்களுக்கு ஓட்டிச் செல்வர். ஆகவே முழுச் சமூகமும் ஒரே நேரத்தில் அலைவதில்லை. வீடுகளோ கம்புகளாலும் பாய்களாலும் தோல்களாலும் ஆனவை. பெண்களே அவற்றைக் கட்டுவர், பிரிப்பர், ஒட்டகத்தின் மேல் ஏற்றுவர்.

ஒட்டகத்தின் கருக்காலம் ஏறத்தாழ 13 மாதங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கன்று கிடைக்கும் எனலாம். ஒரு வரட்சியில் மந்தையை இழந்த குடும்பம் மீண்டெழப் பல ஆண்டுகள் செல்லும். அதனால் பெண் ஒட்டகத்தை உறவினருக்கும் நண்பருக்கும் இரவலாகக் கொடுக்கும் வழக்கம் இவர்களிடம் உண்டு. பெற்றவர் பாலைப் பயன்படுத்துவார். கொடுத்தவருடைய மந்தை ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் மிஞ்சும். வங்கி இல்லாத இடத்தில் இதுவே காப்புறுதி.

1970 களின் வரட்சிக்குப் பின்னர் நிலைமை மாறியது. நிவாரண உணவு, ஆழ்துளைக் கிணறு, பாடசாலை, மருந்தகம் ஆகியவை கோர், கார்கி போன்ற இடங்களில் அமைந்தன. மக்கள் அவற்றைச் சுற்றி நிலையாகத் தங்கினர். பிள்ளைகள் பாடசாலை சென்றனர், நோயாளர் மருந்து பெற்றனர். இவற்றைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஆனால் மந்தைகளும் கிணற்றைச் சுற்றியே மேய்ந்தன. விறகுக்கும் வேலிக்கும் மரங்கள் வெட்டப்பட்டன. குடியிருப்பைச் சுற்றிப் பல கிலோமீற்றர் தூரத்துக்கு நிலம் வெறுமையானது; தொலைவில் இருந்த மேய்ச்சற்றரையோ மேய்வதற்கு ஆளின்றிக் கிடந்தது. 1976 இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பகுதியில் தொடங்கிய வறள்நில ஆய்வுத் திட்டம் கவனித்த முக்கிய பிரச்சினைகளுள் இதுவும் ஒன்று. மந்தை நிலத்தைக் கெடுக்கிறது என்று பொதுவாக எழுதுவதை விட, மந்தையின் அசைவு நின்றபோது நிலம் கெட்டது என்று எழுதுவதே சரியானது.

நீலகிரித் தோடர்

இப்போது பாலைநிலத்தை விட்டு நமக்குப் பழக்கமான ஒரு தரைத்தோற்றத்துக்கு வருவோம். குளிர், மூடுபனி, தேயிலை, உருளைக்கிழங்கு, கரட், கோவா. இது நுவரெலியா அன்று, தமிழ்நாட்டின் நீலகிரி. அதன் உச்சியான தொட்டபெட்டா 2637 மீற்றர் உயரமானது. நமது பிதுருதலாகலை 2524 மீற்றர். இரு மலைகளும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே பருவக்காற்று, பிரித்தானியர் காலத்தில் ஒரேவிதமான மாற்றம். அதனாலேயே இந்த உதாரணம் உங்களுக்கு எளிதாக நினைவில் நிற்கும்.

தோடர் மிகச் சிறிய இனம். இன்று ஏறத்தாழ 2000 பேர். 1901 குடிசன மதிப்பில் 800 பேரளவிலேயே இருந்தனர். அவர்களுடைய மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் தமிழ் பேசும் நம்மால் அதை விளங்கிக்கொள்ள முடியாது. 1901, 1902 காலத்தில் அவர்களிடையே ஆய்வு செய்த ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1906 இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். மானிடவியல் படிப்போர் இன்றும் அதை எடுத்துப் பார்க்கின்றனர்.

தோடரின் சிற்றூர் மந்து எனப்படும். உதகமண்டலம் என்ற பெயரிலும், ஆங்கிலேயர் அதை எழுதிய முறையிலும் இச்சொல் ஒளிந்திருக்கிறது. ஒரு மந்தில் சில வீடுகளே இருக்கும். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, மேலே புல் வேய்ந்து, பாதியாகப் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற வீடு. வாயில் மிகச் சிறியது. குனிந்து தவழ்ந்தே நுழைய வேண்டும். குளிர்காற்றும் விலங்கும் உள்ளே வராமலிருக்க இது உதவும்.

எருமையே தோடரின் செல்வம். நீண்டு வளைந்த பிறை போன்ற கொம்புகளை உடைய இந்த எருமை இனம் நீலகிரிக்கே உரியது. பாலின் அளவு குறைவு, கொழுப்போ அதிகம். பாலைத் தயிராக்கிக் கடைந்து வெண்ணெயும் நெய்யும் எடுப்பர். ஏனைய எருமைகளுக்குப் புறம்பாகப் புனித எருமைகள் என ஒரு தொகுதியும் உண்டு. இவற்றின் பாலைக் கடையும் இடமே கோயில், கடைபவரே பூசகர். பூசகராக இருக்கும் காலத்தில் அவர் பல கட்டுப்பாடுகளைக் கைக்கொள்ள வேண்டும். பெண்கள் பால் கறப்பதோ கடைவதோ இல்லை. ஊரின் பாவனைக்கு ஒரு நீர்நிலை, பால்கோயிலுக்கு வேறொரு நீர்நிலை எனப் பிரித்து வைத்திருப்பர். குறித்த காலங்களில் எருமைகளுக்கு உப்புநீர் கொடுப்பதும் ஒரு சடங்கே. மந்தையின் உடல்நலத் தேவை, நீர்நிலையின் தூய்மை, சமயம் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றாகப் பின்னியிருப்பதைக் காணலாம்.

தோடர் உழவு செய்யவில்லை. பொதுவாக இறைச்சியும் உண்பதில்லை. அப்படியானால் தானியம், பானை, இரும்புக் கருவி எங்கிருந்து வந்தன? அயலவரிடமிருந்தே வந்தன. படகர் தானியம் தந்தனர். கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் தந்து, தோடரின் மரணச் சடங்குகளில் இசையும் வழங்கினர். குறும்பர் காட்டுப் பொருட்களைக் கொடுத்தனர். தோடர் பதிலாக நெய்யும் பாற்பொருட்களும் கொடுத்தனர். பணம் இல்லாமலே ஒரு மலைத்தொடரின் பொருளாதாரம் இயங்கியது.

அசைவைப் பார்ப்போம். தென்மேல் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் நீலகிரியின் மேற்குப் பக்கம், குந்தா மலைகள் உட்பட, அதிக ஈரப்பற்றுடையது. டிசெம்பர் முதல் மார்ச் வரையான காலத்தில் ஊட்டிப் பக்கத்துப் புல் உறைபனியாலும் வரட்சியாலும் காய்ந்துவிடும். அப்போது எருமைகளை மேற்கிலுள்ள பருவகால மந்துகளுக்கு ஓட்டிச் சென்று, மழை தொடங்கியதும் திரும்புவர். செல்லும் பாதை, தங்கும் இடம், புறப்படும் நாள் யாவும் முன்னரே வகுக்கப்பட்டவை. நாட்காட்டியில் குறித்து வைத்துச் செய்யும் வேலையை அலைதல் என்று கூறலாமா?

புல்வெளி எங்கே போனது?

நீலகிரியின் மேட்டுநிலத்தில் பள்ளங்களில் மட்டும் குட்டையான அடர்ந்த காடு இருக்கும். இதற்குச் சோலை என்று பெயர். மேடுகள் முழுவதும் புல். புல்வேர்கள் மழைநீரைப் பஞ்சு போல் பிடித்து, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடும். கோடையிலும் ஓடை வற்றாதிருப்பதற்கு இந்தச் சேர்க்கை முக்கிய காரணம். மரம் இல்லாத இடமெல்லாம் அழிந்த காடு என்று நினைப்பது தவறு. இப்புல்வெளி மிகப் பழைமையான ஓர் இயற்கைச் சூழற்றொகுதி. வரையாடும் குறிஞ்சிப்பூவும் இதற்கே உரியவை.

1819 இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜோன் சலிவன் நீலகிரிக்குச் சென்றார். சில ஆண்டுகளில் உதகமண்டலத்தில் கல்வீடு கட்டினார். ஆங்கிலேயருக்கு அது கோடைவாசத்தலமாயிற்று. நிலம் தோடருடையது என்பதைச் சலிவன் ஏற்றுக்கொண்டவர் என்பதையும் கூற வேண்டும். ஆனால் அவருக்குப் பின் வந்த ஆட்சி நிலத்தை வேறு கண்ணால் பார்த்தது. உழுத நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு, வரி உண்டு. உழாத புல்நிலத்துக்கு? அது வெறும் நிலம், தரிசு. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் கோப்பி, தேயிலை, சிங்கோனா, யூக்கலிப்டஸ், வாட்டில் ஆகியன மலையெங்கும் நடப்பட்டன. வாட்டில் அங்கே சீகை எனப்படும். சுதந்திரத்துக்குப் பின்னரும் இது நிற்கவில்லை. விறகுக்கும் தொழிற்சாலை மூலப்பொருளுக்கும் என வனத் திணைக்களமே எஞ்சிய புல்வெளிகளில் யூக்கலிப்டசும் வாட்டிலும் நட்டது. வாட்டில் தானாகவே பரவும் மரம். நடாத இடத்திலும் அது முளைத்தது.

மேய்ச்சற்றரை சுருங்க, எருமைகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. கலப்பினப் பசு அதிக பால் தருவதும், இளைஞர்கள் வேறு தொழில்களுக்குச் செல்வதும், புலிகளால் எருமைகள் கொல்லப்படுவதும் கூடுதல் காரணங்கள். பால்கோயிலை வேய்வதற்கு வேண்டிய ஒருவகைப் புல் சதுப்பு நிலங்களில் மட்டுமே வளரும். சதுப்பு வற்றினால் கோயிலுக்குக் கூரை இல்லை. இன்று தோடர் பலர் மரக்கறி பயிரிடுகின்றனர், அரச தொழில் பார்க்கின்றனர். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் செய்யும் தையல் வேலை 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது. 2006 இல் இந்தியா நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும், பருவகாலத்தில் சென்று மேய்ப்போரின் உரிமையையும் ஏற்றுக்கொள்கிறது. உழாதவருக்கும் நிலத்தில் உரிமை உண்டு என்பதைச் சட்டம் எழுத்தில் ஏற்க இத்தனை காலம் ஆயிற்று.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் குடியேற்றப்பட்டனர். அவர்களுக்கு வேலை வழங்கவென 1968 இல் தமிழ்நாடு அரசு வனத் திணைக்களத்தின் மூலம் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. உங்களிற் சிலருக்குக் கோத்தகிரியிலோ குன்னூரிலோ கூடலூரிலோ உறவினர் இருக்கக்கூடும். நாடு மாறியும் அவர்கள் கையில் கிடைத்தது கொழுந்துக் கூடையே. நீலகிரியின் நிலம் யாருக்கு, எதற்கு என்ற முடிவைத் தோடரும் எடுக்கவில்லை, அங்கே கொண்டு சேர்க்கப்பட்ட நம்மவரும் எடுக்கவில்லை.

இலங்கையில்

இதே கதையின் இலங்கைப் பகுதியை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். 1840 இன் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியவற்றை, மறுதலையாக நிரூபிக்கப்படாதவிடத்து முடிக்குரியதாகக் கருதியது. கண்டிக் கிராமத்தவர் சேனை செய்த நிலமும் மாடு மேய்த்த நிலமும் உறுதிப்பத்திரம் இல்லாத காரணத்தால் பெருந்தோட்டங்களுக்குப் போயின. வரலாற்றையும் புவியியலையும் இரு பெட்டிகளில் பூட்டி வைக்காமல், இவ்விடத்தில் இணைத்து எழுதப் பழகுங்கள்.

நமது மலைநாட்டுப் புல்வெளிக்குச் சிங்களத்தில் பத்தன என்று பெயர். தலவாக்கலைக்கு அருகே உள்ள பத்தனை என்னும் ஊர்ப்பெயர் அதை நினைவூட்டுகிறது. ஈரப் பத்தனைப் புல்வெளியைப் பார்க்க வேண்டுமானால் 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளிக்குச் செல்ல வேண்டும். நீலகிரியின் மேட்டுநிலத்துக்கு இலங்கையில் மிக நெருங்கிய ஒப்புமை அதுவே.

பருவகால மேய்ச்சலுக்கு இலங்கை உதாரணம் கேட்டால் கிழக்குக்குச் செல்லுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் பெரும்போக வேளாண்மை தொடங்கும்போது, வயலுக்குள் மாடு இறங்காதிருக்க, பட்டிகளைத் தொலைவிலுள்ள மேய்ச்சற்றரைகளுக்குக் கொண்டு செல்வர். அறுவடை முடிந்ததும் பட்டிகள் வயற்பக்கம் திரும்பும். மயிலத்தமடு, மாதவனை ஆகியன இத்தகைய மேய்ச்சற்றரைகள். அங்கே வெளியிலிருந்து வந்தோர் பயிர் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அடிப்படைக் கேள்வி நீலகிரியின் கேள்வியேதான்: ஆண்டில் சில மாதங்கள் ஆளில்லாமல் கிடக்கும் மேய்ச்சல் நிலம் ஆளில்லாத நிலமா?

இன்னொரு சிறு குறிப்பு. பழைய தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்யும்போது, உடனே தேயிலை நடுவதில்லை என்பதை உங்கள் தோட்டத்தில் கண்டிருப்பீர்கள். முதலில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல் வளர்ப்பர். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசு இது. களைத்துப்போன மண்ணைப் புல் தேற்றுகிறது. புல் வீணான நிலத்தின் அடையாளம் என்று எழுத நினைக்கும் மாணவர் அந்த மலையை ஒருமுறை பார்த்து வருவது நல்லது.

விடை எழுதும் முறை

வினா: மேய்ச்சல் மக்கள் இடம்பெயர்வதற்கான காரணங்களை இரு உதாரணங்களுடன் விளக்குக.

இத்தகைய வினாவில் காரணத்தையும் உதாரணத்தையும் ஒரே வசனத்தில் பிணைக்க வேண்டும். தனித்தனியே எழுதினால் விளக்கம் நிறைவு பெறாது. மாதிரியாக:

வட கென்யாவின் தாழ்ந்த சமவெளியில் மழை குறைவாகவும் இடத்துக்கிடம் வேறுபட்டும் பெய்வதால், ரெண்டிலே இளைஞர்கள் பால் தராத ஒட்டகங்களைத் தொலைவிலுள்ள முகாம்களுக்கு ஓட்டிச் செல்கின்றனர். முதியோரும் குழந்தைகளும் பிரதான குடியிருப்பில் தங்குகின்றனர். நீலகிரியில் டிசெம்பர் தொடக்கம் உறைபனியாலும் வரட்சியாலும் புல் காய்வதால், தோடர் எருமைகளை ஈரலிப்பான மேற்குப் பகுதிக்குக் கொண்டு சென்று மழை தொடங்கியதும் திரும்புவது வழக்கம். இவ்வாறு மந்தை மாறி மாறி மேய்வதால் ஓரிடத்துப் புல் மீண்டும் வளர அவகாசம் கிடைக்கிறது.

கடைசி வசனத்தைக் கவனித்தீர்களா? காரணத்தோடு நிற்காமல் விளைவையும் கூறுகிறது. பெயர்களில் தடுமாற வேண்டாம்: ஒட்டகம் ரெண்டிலே, மாடு சம்புரு, எருமை தோடர். படகரைத் தோடர் என எழுதும் பிழையும் உண்டு. படகர் பயிர் செய்தவர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. நாடோடி மந்தை மேய்த்தல், பருவகால மேய்ச்சல் ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டை விளக்குக.

2. ரெண்டிலே மக்கள் மாட்டை விட ஒட்டகத்தை விரும்பி வளர்ப்பதற்கான மூன்று காரணங்களைத் தருக.

3. கிணறு தோண்டியதால் புல் அழிந்தது. இக்கூற்றை ரெண்டிலே மக்களின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்க.

4. நீலகிரியில் தோடர், படகர், கோத்தர், குறும்பர் ஆகியோருக்கிடையே நடைபெற்ற பண்டமாற்றை ஒரு விளக்கப்படத்தால் காட்டுக.

5. இலங்கையின் 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீலகிரிப் புல்வெளிகளுக்கு நேர்ந்ததையும் ஒப்பிடுக.

6. உங்கள் தோட்டத்தில் மாடு வளர்க்கும் ஒரு குடும்பத்தினரிடம் சென்று, நாளொன்றுக்கு எத்தனை கட்டுப் புல் தேவைப்படுகிறது, அது எவ்விடத்தில் அறுக்கப்படுகிறது, அந்நிலம் யாருக்குச் சொந்தம், வரட்சி மாதங்களில் என்ன செய்கிறார்கள் என்பவற்றைக் கேட்டறிந்து, ஒரு பருமட்டான படத்துடன் குறிப்பு எழுதுக.